பட்டுப் போர்த்திய பசு

எங்கள் பசுவுக்குப் படம் எழுத ஆள் வந்தபோது, அது கசாப்புக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆசையாக வளர்த்த பசுவின் நினைவுக்கு வீட்டில் படம் எழுதி வைக்கிறார்கள் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போச்சம்பள்ளிப் பக்கம் என் பிறந்த வீடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, தேன்கனிக்கோட்டைக்கு இந்தப் பக்கம், ராகியும் அவரையும் விளைகிற ஓர் ஊருக்கு வந்தேன். என்னோடு சீராக ஒரு கிடாரிக் கன்றும் வந்தது. சாம்பல் நிறம். நாய் கடித்து வலது காது நுனி கிழிந்திருக்கும். அதற்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. பேச ஆள் இல்லாத அந்த வீட்டில் நான் பேசியது அதனிடம்தான். தண்ணீர் காட்டப் போனால் முதலில் என் முழங்கையை நக்கிவிட்டுத்தான் தொட்டியில் வாய் வைக்கும்.

அதன் முதுகில், திமிலுக்குச் சற்றுப் பின்னால், மயிர் வட்டமாகச் சுழன்றிருக்கும். மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே பார்ப்பது சுழியைத்தான். இதைப் பாடைச் சுழி என்பார்கள். கட்டிய வீட்டில் சாவு விழுமாம். என் அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. விலை போகாத கன்றுதானே, மகளோடு போகட்டும் என்று நினைத்திருப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கன்று பசுவாகிப் பால் கறந்தவரை யார் கண்ணிலும் சுழி படவில்லை. நான்காம் வருடம் மழை பொய்த்தது. பால் வற்றியது, கிணறும் வற்றியது. மாமனார் வரப்பில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். எனக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. அவ்வளவுதான், மாமியாருக்குச் சுழி ஞாபகம் வந்துவிட்டது.

சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். எல்லோரும் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கடைசியில் சுழியே பார்க்காத ஒருவர் வீடு தேடி வந்தார், மைசூர் சீமைக்கு மாடு ஓட்டிப் போகிற தரகர். அறுக்கப் போகிற மாட்டுக்கு எந்தச் சுழி இருந்தால் என்ன?

அவர் இழுத்த இழுப்புக்குப் பசு அசையவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது.

"ஏம்மே, நீ கவுத்தப் புடி. உன் பின்னாடின்னா வரும்" என்றார் மாமியார்.

பிடித்தேன். வந்தது. ரோடு வரைக்கும் ஒரு முரண்டும் இல்லை. அங்கே தரகர் தன் கயிற்றை மாட்டிக்கொண்டு எங்கள் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். விற்ற மாட்டின் கயிறு வீட்டிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லட்சுமி போய்விடுவாள் என்பது வழக்கம். வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தேன். முழங்கை ஈரமாக இருந்தது. என் கணவர் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் கரு கலைந்தது. மாடு இருந்தபோது கலைந்ததற்குக் காரணம் சுழி. மாடே இல்லாதபோது கலைந்ததற்கு? குறி கேட்கப் போனார்கள். பசு சாபம் என்று வந்தது. கறிக்கு அனுப்பிய பசுவைப் படமாக எழுதி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றினால் சாபம் தீருமாம். என்னைக் கேட்டிருந்தால், கிணறு வற்றியதிலிருந்து அரை மைல் தூரம் நாளெல்லாம் குடம் சுமந்ததைச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

என் கணவர் ஓசூருக்குப் போய் ஒரு பெயின்டரைக் கூட்டி வந்தார். கடைப் பலகையும் லாரி முதுகும் எழுதுகிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாடு எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும், "பாக்காத மாட்டை எப்படிங்க எழுதறது?" என்றார். மாமனார் கொம்பு நீளம் என்றார். மாமியார் குட்டை என்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். கொண்டுபோய் விடவும் நான், அடையாளம் சொல்லவும் நான்.

தொழுவத்து முன்னால் தகரத் தகட்டைச் சாய்த்து வைத்து மூன்று நாள் எழுதினார். நான் சொல்லச் சொல்லச் சாக்பீஸில் கோடு போடுவார், தப்பென்றால் ஈரத்துணியால் துடைப்பார், சரியென்றால் வர்ணம் ஏற்றுவார். கிழிந்த காது அப்படியே வந்தது. மூன்றாம் நாள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "முதுகுல இங்க ஒரு சுழி இருக்கும். அதையும் எழுதுங்கண்ணா" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "வூட்ல ஒத்துக்குவாங்களாம்மா?"

"இருந்தது இருந்த மாதிரி எழுதுங்க."

மெல்லிய தூரிகையால் மயிர் மயிராகச் சுழற்றி எழுதினார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பசு நின்றது. எதற்காக அதை அனுப்பினார்களோ, அது அதன் முதுகிலேயே இருந்தது. இனி விளக்கேற்றுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாமியார் வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"தொலைஞ்சதுன்னு இருந்தா, திரும்பவும் வூட்டுக்குள்ள கொண்டாந்து மாட்டறதா?"

"அந்தச் சுழி இல்லைன்னா அது வேற மாடு, அத்தை."

"வேற மாடாவே இருந்துட்டுப் போவட்டும் மே."

பெயின்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்காமல், "அம்மா சொல்ற மாதிரியே எழுதிடுங்க. எல்லாம் இவளுக்காகத்தானே" என்றார்.

சுழியின் மேல் சிவப்புப் பட்டு ஏறியது. ஜரிகைக் கரை, ஓரத்தில் குஞ்சம். ஒரு மார்கழிக் குளிரில் நான் அந்த முதுகில் பழைய சாக்கைப் போர்த்தியபோது, "மாட்டுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று உருவிப் போட்ட அதே மாமியார், "இன்னுங் கொஞ்சம் ஜரிகை போடுப்பா" என்றார். லட்சணமாக இல்லையென்று கிழிந்த காதையும் முழுசாக்கச் சொன்னார். உண்மையில் அந்த முதுகு அப்படிச் சுத்தமாக இருந்திருந்தால், அது எங்கள் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கும், படமே தேவைப்பட்டிருக்காது.

அந்த வருடம் மழை பெய்தது. கிணற்றில் தண்ணீர் வந்தது, குடம் சுமப்பது நின்றது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். சாபம் தீர்ந்தது என்று படத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். கிணற்றுக்கு யாரும் காட்டவில்லை.

மகளுக்கு நாலு வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, படத்துக்கு முன்னால் நின்று, "இந்த மாடு எப்படிம்மா செத்துச்சு?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன்பே மாமியார் திரியைத் தூண்டியபடி சொன்னார்: "வயசாயி, நம்ம தொழுவத்துலயே படுத்துடுச்சு கண்ணு. உங்கம்மா மடியிலதான் உசுர வுட்டுச்சு."

என் கணவர் தலையாட்டினார். நிஜமா என்பதுபோல மகள் என் பக்கம் திரும்பினாள். தொழுவத்து ஆணியில் அந்தக் கயிறு அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாம்" என்றேன்.