போகாத எலுமிச்சை

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசனைத் திரவியத்தில் கலக்க வரும் எலுமிச்சை எண்ணெயை முகர்ந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அந்த மூக்குதான் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? போன மாதம் கெட்டுப்போன எண்ணெய் ஒன்றைத் தேறும் என்று சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, பாட்டிலுக்கு மூடி திருகத்தான் போகணும்" என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்று காலை ஆறு பீப்பாய்கள் வந்தன. காகிதப் பட்டையை எண்ணெயில் நனைத்து முகர்வாள். அடுத்ததற்குப் போகுமுன், மூக்கை ஆற்றிக்கொள்ளத் தன் கோட்டின் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துகொள்வாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதற்காகவே அவள் துணிக்கு வாசனை சோப்பு போடுவதில்லை. ஆறும் தேறின. கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, கோட்டுக் கையால் வியர்வையைத் துடைத்தபோது எலுமிச்சை மணத்தது. நிஜ எலுமிச்சை முந்திக்கொண்டு வந்து முந்திக்கொண்டு கிளம்புகிற விருந்தாளி. கால் மணி நேரம் தங்கினால் பெரிசு. இது போகாத எலுமிச்சை, சோப்பில் போடுகிற சரக்கு. காலையிலிருந்து மூக்கை இதில்தான் ஆற்றியிருக்கிறாள்! எலுமிச்சையிலேயே ஊறிய மூக்குக்கு நல்லது எது, கெட்டது எது என்று எப்படித் தெரியும்?

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். கலவைத் தொட்டியில் முதல் பீப்பாயைச் சாய்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஊத்தாதீங்க!"

"கையெழுத்து போட்டது நீங்கதானே?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார். தப்பு என்மேலதான். மறுபடியும் பாக்கணும்."

கோட்டைக் கழற்றி எறிந்தாள். கையைக் கழுவி, வெறும் தோலை முகர்ந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு தேறின. ஐந்தாவதில் பெயின்ட் கடை நெடி. பழசாகிப்போன எலுமிச்சை அப்படித்தான் நாறும். ஆறாவது தேறியது.

மேலாளரும் முகர்ந்து பார்த்தார். "வாயத் தொறக்காம இருந்திருந்தா, நாளைக்கே மூடி திருகியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது கோபம் அடங்கவில்லை. புருஷன் வாசலிலேயே நின்றார்.

"கோட்டு மணக்குதா? உனக்கு எலுமிச்சைன்னா உசுராச்சேன்னு அந்த சோப்பத் தேடி வாங்கித் தொவைச்சேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அது என் வேலைங்க. எனக்குப் பிடிக்குமான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"பிடிக்காதா?"

"பிடிக்காது" என்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான்.