ஐம்பது மைலில் ஆடிய லாரி

என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, தெரியாத வண்டி இந்த உலகத்தில் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் துரையின் ஜீப்பைச் சில வருடங்கள் ஓட்டியவர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு ஆகாய விமானத்துக்குக்கூட யோசனை சொல்லுவார். யாராவது வண்டி சரியில்லை என்று வந்தால் இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணை மூடி, நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் எழுப்புவார். நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் பயந்து தலையாட்டிவிடுவார்கள்.

என் கணவர் முழுசாகவே தலையாட்டுகிறவர். நல்ல உழைப்பாளி, நல்ல ஓட்டுநர். ஆனால் அண்ணனைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூடத் திருப்பமாட்டார்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் மரம் சீவிய தோட்டத்தை விற்றுவிட்டார்கள். புது முதலாளி ரப்பரைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார். எங்களுக்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்து, மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றை வாங்கினோம். சாய்த்த ரப்பர் மரங்களை ஆலையில் பலகையாக அறுப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு தைப்பிங்கில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்குப் போவோம். மரத்துக்காக வருத்தப்பட எங்களுக்கு நேரமில்லை. லாரியில் கூடவே போகிற ஆளை எங்கள் பக்கம் கெலிண்டான் என்பார்கள். எங்கள் லாரிக்கு நான்தான் கெலிண்டான். பொம்பளை கெலிண்டானா என்று ஆலையில் சிரித்தவர்கள், நான் கட்டிய கயிற்றை அவிழ்க்க முடியாமல் திணறிய பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பழைய சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. பாடாங் ரெங்காஸ் தாண்டி மலை வளைவுகளில் முன்னால் ஒரு மண் லாரி, பின்னால் ஒரு பஸ் என்று ஊர்ந்துதான் போகவேண்டும். நாற்பது மைல் வேகம் போனாலே பெரிய விஷயம். பிறகு புது நெடுஞ்சாலையைத் திறந்தார்கள். கோலகங்சாரில் ஏறினால் சங்காட் ஜெரிங் வரைக்கும் பட்டு விரித்தது போல ஓடும். முதல் நாள் என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக மிதித்தார். எங்கள் பழைய மீட்டர் மைலில்தான் காட்டும். முள் ஐம்பதைத் தொட்டது. என் இருக்கைக்கு அடியில் யாரோ உரலில் இடிப்பது போல ஆரம்பித்தது. ஐம்பத்தைந்தில் பல் தந்தியடித்தது. கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு காரே ரெண்டு காராகத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

"என்னங்க இது?" என்றேன்.

"தெரியல. அண்ணன கேப்போம்."

அண்ணன் வந்தார். லாரியைச் சுற்றிவந்தார். ச்சு என்றார்.

"வண்டியில ஒன்னும் இல்லடா. புது ரோட்டுலதான் கோளாறு. கான்ட்ராக்டர் தின்னுட்டான் லா. மேல பாத்தா நைஸா இருக்கும், உள்ள மேடு பள்ளம்."

அந்த மேடு பள்ளத்தில் மற்ற கார்களெல்லாம் எப்படி வழுக்கிக்கொண்டு போகின்றன என்று கேட்டேன். கார் வேறு, லாரி வேறு என்றார். அடுத்த நாள் எங்களைத் தாண்டிப் போன பால் லாரியையும் மீன் லாரியையும் என் கணவருக்கு விரலை நீட்டிக் காட்டினேன். ஒன்றுகூட ஆடவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் மூத்தார் கொஞ்சமும் கூசாமல் சாலையை விட்டுவிட்டு டயருக்குப் போய்விட்டார். டயர்தான் என்று முதலிலேயே தனக்குப் பட்டதாம்.

ஈப்போவில் டயர் கடை வைத்திருந்த சீனர் சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். சக்கரங்களை மெஷினில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தார். எடை சமமாக நிற்க ஈயத்துண்டு வைத்து அடித்தார். "டயர்ல ஒன்னும் பெருசா இல்ல லா. வேற எடம் பாரு," என்றார். வியாபாரியே தன் சரக்கு வேண்டாம் என்று சொல்கிறார். அதற்கும் என் கணவர், "அண்ணன் மாத்தச் சொன்னாரு," என்று சொல்லிப் பின்னால் புது டயர் போட்டுக்கொண்டார். ஆட்டம் அப்படியே இருந்தது. மூத்தார் டயரை விட்டு இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைப் பிடித்தார். அதையும் மாற்றினோம். ஆட்டத்துக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. மூத்தாரும் அக்கம்பக்கத்து ஆட்களும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். யாரோ லாரியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மூத்தார் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"காரணம் கண்ணு முன்னாடியே நிக்குது, நாமதான் தேடிக்கிட்டு இருக்கோம். எந்தப் பக்கம் வெயிட்டு கூடுது? கெலிண்டான் பக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போது கொஞ்சம் பருமன்தான். அவர் உறிஞ்சிய எலும்பும் நான் சமைத்ததுதான். அவர் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவருக்கு அவ்வளவுதான் புத்தி. என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டு அரைச் சிரிப்பு ஒன்று சிரித்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தைப்பிங்கில் பலகையை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பினோம். சங்காட் ஜெரிங்கில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.

"எங்க போற?"

"எங்கயும் போகல. கோப்பி குடிக்கப் போறேன். நீங்க தனியா ஹைவேல ஏறி ஓட்டிட்டு வாங்க. என் வெயிட்டு இல்லாம வண்டி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வாங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. போங்க."

போனார். நான் கோப்பி குடித்து, வடையும் தின்று, கடைக்காரம்மாவிடம் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் திரும்பி வந்தார். கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆடுது."

"யாரு இல்லாம?"

"நீ இல்லாம." நான் ஏறி உட்கார்ந்ததும், "நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார்.

அதோடு விட்டுவிட்டேன். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அண்ணனைப் போல ச்சு கொட்டிக் கண்டுபிடிக்க எனக்கு வராது. எது எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரலாம் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்த யாருக்கும் இது தெரியும். நெடுஞ்சாலையில் ஏறியதும், "ஸ்டேரிங் ஆடுதா?" என்று கேட்டேன்.

கையைத் தளர்த்திப் பார்த்தார். "இல்ல. ஸ்டேரிங் சும்மாதான் இருக்கு. கீழதான் ஆடுது."

"அப்ப முன் சக்கரம் இல்ல. இப்ப கியர எடுத்துட்டு வண்டிய அதுபாட்டுக்கு ஓட விடுங்க."

சாலை சமமாக, பின்னால் யாரும் வராத இடமாகப் பார்த்து நியூட்ரலில் போட்டார். இன்ஜின் சத்தம் தாழ்ந்து முணுமுணுத்தது. இருக்கைக்கு அடியில் உரல் இடி மட்டும் குறையவே இல்லை. வேகம் இறங்கிய பிறகுதான் அது நின்றது.

"இன்ஜின் தூங்குறப்பவும் ஆடுது," என்றேன். "அப்ப இன்ஜின் கட்டைய மாத்துனது எதுக்கு?"

அவர் மறுபடி கியரைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பின் சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டோம். சக்கரத்தில் கோளாறு என்றால் ஆட்டமும் கொஞ்சம் இடமோ குணமோ மாறவேண்டும். மறுநாள் ஓட்டிப் பார்த்தும் மாறவில்லை. முன்னால் இருக்கும் இன்ஜினும் இல்லை, பின்னால் இருக்கும் சக்கரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் லாரிக்கு அடியில் ஓடுவது ஷாப்ட் ஒன்றுதான். இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் அது. மூத்தாரின் ஆராய்ச்சியில் அதன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அப்போதே எனக்கு அவர் மேல் லேசாகச் சந்தேகம்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு என் கணவர் அடியில் புகுந்தார். நானும் சாக்கை விரித்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஷாப்ட் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்பல்லாகச் சொருகியிருக்கும். இரண்டு முனையிலும் கவட்டை போல ஒரு பிடி. அந்த இரண்டு கவட்டையும் ஒரே பக்கம் பார்த்து நிற்கவேண்டும். எங்களுடையதில் ஒன்று மேலே பார்த்தது, ஒன்று பக்கவாட்டில் பார்த்தது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. அவர் துணியால் கிரீஸை வழித்துத் துடைத்தார். அடியில் இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு அம்புக்குறி கொத்தியிருந்தது. சேர்த்து மாட்டுகிறவன் அம்புக்கு நேராக அம்பை வைக்கட்டும் என்று, வண்டி செய்தவன் புத்தியோடு போட்டுவைத்த குறி.

அவர் அம்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வாங்குனப்ப இத யாரு கழட்டுனா?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும்.

"அண்ணன்தான். சும்மாவே கிரீஸ் அடிச்சுத் தரேன்னு கழட்டுனாரு."

"சும்மா வேலைதான். நல்லாத் தெரியுது."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேளுங்க. நல்லா நிதானமா கேட்டுட்டு வாங்க. நான் அதுக்குள்ள கழட்டி மாட்டிடறேன்."

ஸ்பானரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனைக் கேட்காமல் அவர் திருப்பிய முதல் நட்டு அதுவாகத்தான் இருக்கவேண்டும். போல்ட்டுகளைக் கழற்றினார், நான் குழாயைத் தாங்கிப் பிடித்தேன். உருவித் திருப்பி, அம்புக்கு நேரே அம்பை வைத்துச் சொருகினோம்.

அடுத்த நாள் ஐம்பதில் உரல் இடி இல்லை. ஆனால் மெல்லிய ஓர் அதிர்வு மிச்சமிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி அடியில் போய், ஷாப்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தோம். பின் முனையில் டக் டக் என்றது. கவட்டைகளை இணைக்கும் சிலுவை போன்ற துண்டு, இத்தனை காலம் கோணலாக ஓடித் தேய்ந்து, ஓரமெல்லாம் துருப்பொடியாகக் கொட்டியது. ஈப்போவில் சாமான் கடையில் புதிது வாங்கிப் போட்டோம். அப்புறம் போனோம் பாருங்கள்! ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. சுரங்கத்துக்குள் புகுந்த ரயில் மாதிரி இரைச்சல் மட்டும் இருந்தது, ஆட்டம் இல்லை. என் கணவர் வாயைத் திறந்து சிரித்தார். முழுச் சிரிப்பு.

தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்கு மூத்தார் எங்கள் லாரியில் வந்தார். ஐம்பதைத் தாண்டியதும் தொடையில் தட்டினார்.

"பாத்தியா? டயர மாத்துனா சரியாயிடும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "டயர் இல்லண்ணே. ஷாப்ட நீங்க மாத்தி மாட்டியிருந்தீங்க," என்றார். கோபமில்லாமல், பலகை எண்ணிக்கை சொல்வது போலச் சொன்னார்.

மூத்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை வரும் போலிருக்கிறது என்றார். தைப்பிங்கில் எப்போதுதான் மழை வராமல் இருந்திருக்கிறது? கல்யாண வீடு வரும்வரை வேறு பேச்சு இல்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சில வருடம் ஓட்டிவிட்டு அந்த லாரியை விற்றோம். பாகான் செராயிலிருந்து நெல் ஏற்றுகிற ஒருவர் பார்க்க வந்தார். எங்கள் மூத்தார் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார். வந்தவரைக் குனியவைத்து ஷாப்டைக் காட்டினார்.

"தம்பி, இந்த ரெண்டு அம்பும் நேருக்கு நேரா இருக்கணும். இல்லன்னா ஹைவேல ஆடும். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது லா. நாங்க பாத்து வச்சிருக்கோம்."

வந்தவர் மரியாதையாகத் தலையாட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. லாரி நல்ல விலைக்குப் போகவேண்டும் அல்லவா?