எலி பேரம் பேசாது என்ற டாக்டரம்மா

டாக்டர் அருள்மேரி மாரடைப்பில் இறந்துவிட்டார். ராயப்பன்பட்டியில் அடக்கமும் முடிந்தது. இறந்த செய்தி வந்தபோது போடியில் என் ஏலக்காய்க் கடையின் பின்னறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உடனே கிளம்ப எழுந்தேன். சட்டை இடது விலாவில் பட்டதும் தீயை அப்பியது போலிருந்தது. சில நாள் மெல்லிய துணி தாங்கும்; அன்று அதுவும் தாங்கவில்லை. அடக்கத்துக்குப் போக முடியாதவன் எழுதும் அஞ்சலி இது. அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அக்கி வந்தது. கொப்புளம் ஆறியது, வலி ஆறவில்லை. எல்லாரையும் போல நானும் முதலில் கொப்புளத்தின் மேல் காவி எழுதிக்கொள்ளத்தான் போனேன். அதற்கு டாக்டரம்மா திட்டவில்லை. “காவி எழுதுனது தப்பில்ல அண்ணாச்சி. அதை நம்பி இங்கன வராம இருந்ததுதான் தப்பு” என்றார். கெட்டுப்போன நரம்பு காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும் என்று புரியவைத்தார். ஏலத்துக்குப் போக முடியாது, கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. என் தோலுக்குள்ளேயே என்னை வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

வாரத்தில் பாதி நாள் அவர் மதுரையில் நரம்பு வலியை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் எலிகளோடு இருப்பார். மீதி நாள் தேனியில் எங்களோடு. அங்கே கண்டது இங்கேயும் உண்டா என்று எங்களிடம் பார்ப்பார். நாங்கள் சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சோதிப்பார்.

“வலிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீக?” என்று ஒருமுறை கேட்டார். ஒன்பது என்றேன். மாத்திரையைக் கூட்டினார். தலை சுற்றி ஏலக்காய் மூட்டை மேல் விழுந்தேன். அடுத்த முறை போனதும், “நெசமாவே ஒம்பதா?” என்றார்.

“ஏழுதான் டாக்டரம்மா. எப்படியும் ரெண்டு கொறைப்பீகன்னு ஒம்பது சொன்னேன்.”

மேசையில் கவிழ்ந்து சிரித்தார். “எலி பேரம் பேசாது அண்ணாச்சி! ஒங்க கடைத்தெரு ஆளுக அம்புட்டுப் பேரும் இப்படித்தான் சொன்னாகளோ?” அன்றோடு நாங்கள் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் நம்புவதை விட்டார். எலிக்குச் செய்வது போலவே, கனம் வேறுபட்ட நைலான் இழைகளால் எங்கள் தோலைத் தொட்டு, எந்த இழைக்குச் சுருங்குகிறோம் என்று பார்க்கத் தொடங்கினார்.

எலிக்குக் கேட்ட ஒரு மருந்து எங்களுக்குக் கேட்கவில்லை. அதை அவர் மறைக்கவில்லை. “அங்க ஜெயிச்சிருச்சு, ஒங்ககிட்ட தோத்துருச்சு. எலி நரம்பு வேற, மனுச நரம்பு வேற. முதுகெலும்பை ஒட்டி நரம்பு முடிச்சு முடிச்சா இருக்கு. அக்கிக் கிருமி குடியிருக்குறது அங்கனதான். இப்படி வலிச்ச மனுசனோட முடிச்சை ஆய்வகத்துல வச்சுப் பாத்தாத்தான் மேல போக முடியும். உசுரோட இருக்கறவுககிட்ட அதை எடுக்க முடியாது” என்றவர், சற்றுக் கூசி, “ஒங்க காலத்துக்கு அப்புறம் குடுப்பீகளா?” என்றார்.

“எனக்கு என்ன லாபம்?”

“ஒண்ணும் இல்ல. ஒங்க வலி போயிரும்னு நான் சொல்லமாட்டேன்.”

சரக்கின் குறையை முதலில் சொல்கிற ஆளை நான் சந்தையில் அதிகம் பார்த்ததில்லை. எனக்குச் சம்மதம்தான். ஆனால் வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. அதற்குள் கேட்டவரே போய்விட்டார்.

போன வாரம், ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த டாக்டர் இஸ்மாயில் வீட்டுக்கு வந்தார். அந்த முடிச்சு ஆராய்ச்சியை நிறுத்தவில்லை என்றார். தரச் சம்மதம் என்றேன். என் மனைவி செல்வராணி என் பக்கம் திரும்பினாள். “செத்த பொறவும் ஒங்களுக்கு யாவாரமா? அறுத்துக் கூறு போட்டா குடுப்பாக?”

முதுகில் மட்டும் ஒரு தையல் இருக்கும், முகத்தையும் கைகாலையும் தொடமாட்டோம் என்று இஸ்மாயில் பொறுமையாகச் சொன்னார். அவள் என் வெற்று விலாவைப் பார்த்தாள்.

“ஒரு சட்டை போட முடியாம இந்த மனுசன் கெடக்கறதைப் பாத்துட்டேன். எம் புள்ளைகளும் இப்படி ஒக்காரக் கூடாது. எடுத்துக்கங்க. ஆனா அன்னைக்கே வீடு வந்து சேரணும். நான் குளிப்பாட்டித்தான் கடைசியா வழியனுப்புவேன்.”

என் வலி இன்னும் இருக்கிறது. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பொய் ஆசை காட்டாமல் அவர் கேட்ட அந்தக் கேள்வி. பதிலை அவர் காதுபடச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேசி முடித்தது இது: விலை கிடையாது. நான் இறந்ததும் ஆய்வகத்துக்கு உடனே தகவல் போகும். நரம்பு முடிச்சுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உடல் அன்றைக்கே வீடு திரும்பும். வண்டிச் செலவு எங்களுடையது.