செருப்பு வாரில் பாதி எண்

ஆம்பூரில் அந்த நாளில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். அவர்களில் தலையை மிகவும் நிமிர்த்தி நடந்தவர் ஆரோக்கியசாமி. அப்துல் சமத் சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், பதினொரு வருஷம் சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவர் அவர். 1926இல் சாயபு ஒரு பழைய மோட்டாரை வாங்கி வந்து, "இத ஓட்ட யாரு கத்துக்கறீங்க?" என்று கேட்டபோது முதலில் குழியை விட்டு ஏறி வந்தவரும் அவர்தான். அன்றிலிருந்து மனிதர் கீழே குனிந்து பார்த்ததே இல்லை என்று அவர் மனைவி சவுரியம்மாள் சொல்லுவாள். நடந்ததைப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

மறு வருஷம் சாயபுவின் மகள் மஹ்பூபிக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. பெண்ணைத் திரை கட்டிய மோட்டாரில் வாணியம்பாடிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று சாயபுவுக்கு ஆசை. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாதனூர் தாண்டி ஒரு கல்லில் ஏறி முன் டயர் வெடித்தது.

வெடித்த டயரை ஆரோக்கியசாமி என்ன செய்தார் தெரியுமா? அன்று சாயங்காலமே அறுத்து, நடுப்பாகம் அடிக்கும் பக்கம் வாருக்குமாக, நாலு ஜோடி செருப்பாக்கிவிட்டார். தோல் ஊரில் ரப்பர் செருப்பா என்று சிரிக்க வேண்டாம். குழி வேலைக்காரன் காலில் தோல் செருப்பு ஒரு மாதம் தாங்காது, சுண்ணாம்பு தின்றுவிடும். தனக்கு ஒரு ஜோடி, மேஸ்திரி கோவிந்தசாமிக்கு ஒரு ஜோடி, மிச்சம் இரண்டும் குழியில் கூட நின்ற தோஸ்துகளுக்கு. நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? புது டயர் வாங்க அளவு வேண்டுமே என்பது மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் சாயபு அளவு கேட்டார். "அளவுதானே மொதலாளி" என்று ஷாப்புக்குள் போனார் ஆரோக்கியசாமி. ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரத் தோலில் நீளமாக ஒரு வார் கிழித்தார். டயர் இல்லாத சக்கரத்தைச் சுற்றி அதை இழுத்துப் பிடித்து, முனையும் முனையும் சேர்ந்த இடத்தில் வெட்டினார். ஷாப் குமாஸ்தா அந்த வாரோடு பட்டணத்துக்கு ரயில் ஏறினார்.

இரண்டு நாள் வெயிலில் வார் காய்ந்தது. காய்ந்தால் தோல் சுருங்கும். பதினொரு வருஷம் அதிலேயே கிடந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். மோட்டார் விஷயம் என்றதும் தோல் விஷயம் மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

வந்த டயரோடு ஆரோக்கியசாமியும் கோவிந்தசாமியும் ஒரு காலைப் பொழுது முழுக்க மல்லுக்கட்டினார்கள். கடப்பாரை கூட வந்துவிட்டது.

"இன்னா ஆரோக்கியம், மாட்டிட்டியா?"

"மாட்டிக்கினே இருக்கறேன் மொதலாளி."

கடைசியில் கோவிந்தசாமிதான் குமாஸ்தா திருப்பிக் கொண்டுவந்த வாரை எடுத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். அரை அடி குறைந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பேஜார் பண்ணிட்டியே!" என்று கத்தினார் சாயபு. "இனிமே அளவும் வேணாம், கிளவும் வேணாம். டயர் பக்கத்துலயே நம்பர் போட்டிருக்குமாம், அத அனுப்பச் சொல்லிக் கடைக்காரன் எழுதியிருக்கறான். நிக்காஹ்குள்ள வண்டி ஓடலன்னா வித்துட்றேன். நீ கொழிக்கே போ."

மற்ற மூன்று டயர்களிலும் எழுத்து தேய்ந்து எப்போதோ மழமழவென்று ஆகியிருந்தது. ஆரோக்கியசாமி வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தார்.

"சவுரி, மறுபடியும் கொழில எறங்கணும்னா பயமா கீது" என்றார். அப்படி அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சவுரியம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எண் தெரியும். "வெடிச்ச டயர் எங்க?" என்றாள்.

"எங்கயா? தெருவுல நடந்துகினு கீது."

"அப்ப எழுந்து வா."

தோஸ்துகளின் செருப்பில் ஒன்றும் இல்லை. கோவிந்தசாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, காலத் தூக்குங்க" என்றாள் சவுரியம்மாள். அவர் கலயத்தோடு காலைத் தூக்கினார். வலது செருப்பின் வாரில் மூன்று, பக்கத்தில் சின்னதாக ஓர் அரை. "மூணரை. இதுக்கு முன்னாலயே அறுத்திருக்கு, இது பாதிதான், முன்னால இன்னொரு நம்பர் இருக்கணும்" என்றாள் அவள்.

மறுபடி எல்லாச் செருப்பையும் புரட்டினார்கள். இல்லை. ஆரோக்கியசாமி வானத்தைப் பார்த்தபடி நின்றார். சவுரியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இந்தாய்யா, உன் காலக் காட்டு."

இடது செருப்பு வாரில் முப்பது என்று போட்டு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் இருந்தது.

"இதப் போட்டுகினேதான் ஊரெல்லாம் தேடினியா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் கோவிந்தசாமிக்குப் புரை ஏறிவிட்டது.

எழுதி அனுப்பினால் போதும் என்றார்கள். ஆரோக்கியசாமி கேட்கவில்லை, எண் இருந்த இரண்டு செருப்பையும் குமாஸ்தாவின் பையில் போட்டு அனுப்பினார். முப்பதுக்கு மூன்றரை டயர் வந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. சக்கரத்தின் துருவைச் சுரண்டினார், டியூபில் சாக்பீஸ் தூள் தடவினார், டயரின் ஓரம் எல்லாப் பக்கமும் சரியாக உட்கார்ந்ததா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிறகுதான் பம்பைத் தொட்டார். பெண் வீட்டார் மொத்தப் பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நிக்காஹ் முடிந்து வண்டி வாணியம்பாடி ரோட்டில் ஏறியது. பின்னால் திரைக்குள் மஹ்பூபி, முன்னால் சாயபு. குமாஸ்தா செருப்பைப் பட்டணத்திலேயே மறந்து விட்டுவிட்டு வந்ததால் ஆரோக்கியசாமிக்கு வெறுங்கால். மிதிகட்டை மேலிருந்த அந்தப் பாதங்களைச் சாயபு பார்த்தார். சுண்ணாம்பு தின்று தின்று வெளுத்து வெடித்த பாதங்கள்.

வெகுதூரம் போன பிறகு, "கோவத்துல சொல்லிட்டேன் ஆரோக்கியம்" என்றார். "வண்டி இருந்தாலும் சரி, வித்தாலும் சரி, இந்தக் கால் இனிமே கொழில எறங்காது."

ஆரோக்கியசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்தக் காலைச் சொல்கிறார் என்று முதல் முறையாகக் குனிந்து பார்த்தார்.

"யா அல்லா, ரோட்டப் பாருப்பா!" என்று அலறினார் சாயபு.