குவாட்டர் பாட்டிலில் ஏரித் தண்ணீர்

1. சார்ஜ் எடுத்த நாள்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பொதுப்பணித்துறை செக்‌ஷனில் உதவிப் பொறியாளராக நான் சார்ஜ் எடுத்த அன்று காலை, ஒருவர் நேராக உள்ளே வந்து என் மேஜை மேல் குவாட்டர் பாட்டில் ஒன்றை வைத்தார். காக்கிச் சட்டை, முழங்கால் வரை சேறு. பாட்டிலில் முக்கால்வாசிக்குப் பழுப்பாக ஏதோ இருந்தது. புதிதாக வந்த பொம்பளை ஆபீசரைச் சீண்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதை என்னன்னு நினைச்சு இங்க கொண்டு வந்து வைக்கிறீங்க? இது ஆபீஸா, வேற ஏதாவதா?"

"ஏரித் தண்ணி மேடம்" என்றார் அவர். "நான் லஸ்கர் கன்னியப்பன். பாட்டில நல்லா கழுவிட்டுத்தான் புடிச்சேன். கரையில இதான் மேடம் கெடைக்குது."

கிளார்க் சிரித்துவிட்டார். எனக்கும் கோபம் போய் வெட்கம் வந்தது. லஸ்கர் என்றால் ஏரியைக் காவல் பார்க்கும் கடைநிலை ஊழியர். கரையில் நடப்பதும், மதகைத் திறந்து மூடுவதும், மழைக்காலத்தில் நீர்மட்டம் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. அந்தக் கரையில் மாலையில் குடிக்க வருகிறவர்கள் விட்டுப் போகும் பாட்டில்களுக்குக் குறைவே இல்லை என்பதைப் பிறகு நானே பார்த்தேன்.

"கரைக்கு வெளிப்பக்கம், அடியில ஒரு எடத்துல ஊறுது மேடம். ஊறட்டும், மண்கரைன்னா ஊறத்தான் செய்யும். தெளிவா வந்துகினு இருந்தா பயமே இல்ல. இத பாருங்க, ஒரு மணி நேரம் ஆடாம வெச்சா அடியில மண்ணு நிக்குது. மண்ணு வருதுன்னா உள்ளாற அரிச்சிகினு கீதுன்னு அர்த்தம்."

இதைத்தான் கல்லூரியில் ஒரு புரொஃபசர் ஒரு வாரம் போர்டில் படம் போட்டு நடத்தினார். கன்னியப்பன் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் தேதியும் தன் பெயரும் எழுதியிருந்தார். அதை என் ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

2. பைப்

பதிவேட்டில் அது ஏரி. பாசனம் நின்று வெகுகாலமாகிவிட்டது. மேலே உள்ள ஊர்களிலிருந்து வரும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகக் கீழே விடுவதுதான் இப்போது அதன் வேலை. அதனால் எங்கள் எஸ்டிமேட்டுகளில் அதை வெள்ளத்தடுப்பு அணை என்றே எழுதுவோம். கரைக்குக் கீழே ஒரே தெரு. சின்னச் சின்ன வீடுகள், ஒரு அங்கன்வாடி, ஒரு டிபன் கடை.

கன்னியப்பன் என்னை அந்த ஊறும் இடத்துக்கு அழைத்துப் போனார். அதற்கு நேர் மேலே, கரையின் உடம்பைக் குடைந்து ஒரு பைப் போயிருந்தது. ஏரிக்குள் மனை போட்டு, புது நகர் என்று சொல்லி விற்ற நகர்க்காரர்கள் தங்கள் தண்ணீரை வெளியேற்றப் போட்டது. குடைந்த மண்ணை அப்படியே தள்ளி மூடியிருந்தார்கள். திமிசு போட்டு இறுக்கவே இல்லை. என் குடைக்கம்பி அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?"

"அத்த என்னாண்ட கேக்கறீங்களே மேடம்" என்று சிரித்தார் கன்னியப்பன். "ஜேசிபி வந்து தோண்டுறப்ப நான் போய் குறுக்க நின்னேன். ஆபீஸ்ல இருந்து போன் வந்திச்சி, ஒதுங்கிக்கன்னு. ஒதுங்கிகினேன்."

கோப்புகளைப் புரட்டினேன். அனுமதி கொடுத்ததாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை.

3. நான் எழுதிய ஒரு வரி

ஒவ்வொரு வருடமும் வடகிழக்கு மழைக்கு முன் கரை, மதகு, உபரி நீர் போக்கி எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். போன வருட ரிப்போர்ட்டை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். நான் அப்படிச் செய்யவில்லை. அதுவரைக்கும் நான் யோக்கியம்தான். பைப், கசிவு, மண் எல்லாவற்றையும் எழுதி, கரையை வெட்டி மறுபடி கட்ட எஸ்டிமேட்டும் வைத்து எடுத்துப் போனேன்.

எங்கள் செயற்பொறியாளர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன்மையாகத்தான் பேசினார்.

"ஸ்டெல்லா, பைப்னு எழுதினா அடுத்து என்ன கேள்வி வரும்? யார் விட்டாங்கன்னு வரும். அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரிய வேண்டாம். உன் பேரு ப்ரமோஷன் பேனல்ல இருக்கு. இப்ப எதுக்கு இந்த வம்பு? ஈரக்கசிவு இருக்கு, கண்காணிப்புல இருக்குன்னு போட்டுடு. மழை முடியட்டும், பாத்துக்கலாம்."

நான் செக்‌ஷனுக்குத் திரும்பி வந்து எழுதினேன்: 'கரையின் வெளிப்புற அடியில் ஈரக்கசிவு காணப்படுகிறது. லஸ்கரின் தொடர் கண்காணிப்பில் உள்ளது.' பொய் எழுதவில்லை, கசிவைப் பதிவும் செய்தாகிவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. 'லஸ்கரின்' என்ற சொல்லைச் செயற்பொறியாளர் சொல்லவில்லை. வாக்கியம் முழுமையாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது அது.

அந்த ஐப்பசிக்குள் கன்னியப்பன் இன்னும் இரண்டு பாட்டில்கள் கொண்டு வந்தார். முதல் பாட்டிலின் அடியில் ஒரு நகக்கண் அளவு மண். மூன்றாவதில் இரண்டு விரற்கடை.

4. உடைந்த காலை

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை எட்டு மணிக்குக் கன்னியப்பன் போன் செய்தார்.

"மேடம், இப்ப தண்ணி இல்ல, சேறு வருது. பாட்டில்ல புடிச்சி பாக்கவே வேணாம். மணல் மூட்டை அனுப்புங்க, ஆளு அனுப்புங்க."

செயற்பொறியாளரை அழைத்தேன். ஆள், லாரி எல்லாம் வேறு பெரிய ஏரிக்குப் போயிருந்தன. பார்க்கலாம் என்றார். நான் கிளம்பினேன். ஆனால் தண்ணீர் ரோட்டை மறித்து நின்றதால் பெருங்களத்தூரிலேயே மாட்டிக்கொண்டேன்.

கன்னியப்பன் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. டிபன் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகத் தட்டியபடி ஓடியிருக்கிறார். "கரை போவுது, வூட்ட விட்டு வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். நகர மறுத்தவர்களைத் திட்டி, கிழவர்களைத் தூக்கி, எல்லோரையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றியிருக்கிறார். பதினோரு மணிக்கு, சரியாக பைப் இருந்த இடத்தில், கரை பிளந்தது. பாதி வீடுகள் போயின. அவருடைய வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்குக் காரணம் அந்த ஒரு மனிதர்.

5. விசாரணை

உடைப்புக்கு யார் பொறுப்பு என்று விசாரணை வைத்தார்கள். என் ரிப்போர்ட்டை எடுத்தார்கள். தொடர் கண்காணிப்பு யாருடையது? லஸ்கருடையது. அவர் கண்காணித்து மேலே தெரிவித்தாரா? கோப்பில் எதுவும் இல்லை. உடைந்த நேரத்தில் கரையில் இருந்தாரா? இல்லை, தெருவில் இருந்தார். ஆகவே பணியிடத்தை விட்டு அகன்றார். இதற்கு மேல் நகர்க்காரர்கள் தரப்பில் யாரோ ஒருவர், லஸ்கர் எப்போது பார்த்தாலும் கையில் குவாட்டர் பாட்டிலோடு திரிவார் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். கன்னியப்பன் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

விசாரணைக் கடிதம் என் கைக்கு வந்த அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஜன்னலில் இருந்த மூன்று பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு கை கழுவும் தொட்டிக்குப் போனேன். தேதியோடு அவை அங்கே இருந்தால், எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எனக்குத் தெரியும் என்றால் ப்ரமோஷன் போய்விடும். இவ்வளவுதான் என் கணக்கு. ஊற்றினேன், பிளாஸ்திரியைக் கிழித்தேன், பாட்டில்களைக் குப்பையில் போட்டேன்.

விசாரணை அதிகாரி கேட்டார். "லஸ்கர் கிட்ட இருந்து எழுத்துல ஏதாவது வந்துதாம்மா?"

"எழுத்துல எதுவும் வரலை சார்."

கன்னியப்பன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். நான் அவருக்காகப் பேசியிருப்பேன் என்று நம்பிவிட்டார். அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். எனக்கு ப்ரமோஷன் வந்தது.

6. சேலையூர் வீட்டில்

நான் ரிட்டயர் ஆன அடுத்த வருடம் கன்னியப்பன் என் வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். சிறுசேரி பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலையாம். அந்த யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். மேல்முறையீடு இப்போதுதான் விசாரணைக்கு வருகிறது என்றார்.

"வேல திரும்பி வேணாம் மேடம், வயசாயிட்ச்சி. குடிச்சிட்டு கரைய விட்டுட்டான்னு எழுதி வெச்சிக்கிறாங்களே, அது மட்டும் போவணும். எம் பொண்ண கட்டிக் குடுத்த எடத்துல அத்த சொல்லிக் காட்டுறாங்கோ. செக்‌ஷன்ல அந்த பாட்டிலுங்க கீதுல்ல? நீங்க வந்து, இது கன்னியப்பன் குடுத்ததுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

இத்தனை வருடம் அந்த மூன்று பாட்டில்களை நம்பி இருந்திருக்கிறார்.

"ஊத்திட்டேன், கன்னியப்பன்" என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு கேட்டார்:

"தண்ணிய ஊத்தினீங்க, சரி. அடியில மண்ணு நின்னுதே. அது லேசுல வராதே மேடம்?"

"குச்சி விட்டுக் கலக்கிக் கழுவினேன்."

அவர் திட்டவில்லை. காபியைத் தொடவில்லை. மேஜை மேல் கழற்றி வைத்த தொப்பியை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விட்டார். மேடம் என்று சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்கு நான் போனேன். பைப், பாட்டில்கள், நான் எழுதிய வரி, கழுவியது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"நீங்க சொல்றது சரி மேடம். இதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. லஸ்கர் கொண்டு வந்து வைப்பதை அன்றைக்கே எழுதுங்கள். பைப் என்றால் பைப் என்று எழுதுங்கள். கண்காணிப்பது யார் என்று எழுத வேண்டி வந்தால் உங்கள் பெயரை எழுதுங்கள். எனக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் வந்தபோது, அதைக் காட்டக் கையில் ஒரு துளி மண் இல்லை.