ஈரக்கை அக்காவும் ஒரு காலிக் கட்டமும்

குழாயில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை நனைத்துக்கொண்டு, உதறாமல், துடைக்காமல், தரையெல்லாம் சொட்டச் சொட்ட என் மேசைக்கு வந்து நிற்கிறார் அக்கா. "டேப்லட்டைக் குடு தம்பி." நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டும் பிரயோசனமில்லை. பிடுங்கி இடது கையில் ஏந்தி, காலையில்தான் நான் முடித்த திரையை வலது பெருவிரலால் தட்டுகிறார். அவர் அழுத்தியது ஒரு பொத்தான், திறந்தது பக்கத்துப் பொத்தான். "பார்த்தியா? ஈரக்கைக்கு உன் பட்டன் அடங்க மாட்டேங்குது. பெருசாக்கு. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு விட இடம் குடு."

மருத்துவமனைகளுக்கு விவரம் பதியும் திரைகளைச் செய்து தருவது எங்கள் நிறுவனம். எந்தக் கட்டம் எங்கே, எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று வரைவது அக்காவின் வேலை. அதை ஓடவைக்கும் நிரலை எழுதுவது என் தலையெழுத்து. அவர் ஒரு பொத்தானை அரை விரல் தள்ளி வைத்தால் எனக்கு அரை நாள் போய்விடும். வயிற்றெரிச்சலில் அவருக்கு 'ஈரக்கை' என்று பெயர் வைத்தவனும் நான்தான். அலுவலகம் முழுக்க முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறது, அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

"நர்ஸ் கை என்னைக்குத் தம்பி காஞ்சிருக்கு? ஒருத்தரைத் தொட்டுட்டு வந்தா கழுவணும், இன்னொருத்தரைத் தொடப் போனா கழுவணும். துடைச்ச கையால தட்டிப் பார்த்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னா அது ஏமாத்து வேலை" என்பார்.

லிஃப்டில் ஏற அவருக்கு நேரமாகும். வந்து நிற்கும் லிஃப்டை விட்டுவிட்டு, பொத்தானை அழுத்துகிறவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். இரு கைகளிலும் பை வைத்திருப்பவர் முழங்கையால் இடிப்பார். இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவள் பிள்ளையின் விரலைப் பிடித்தே அழுத்துவாள். அக்காவின் முகத்தில் அப்போது ஒரு பூரிப்பு தெரியும். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் அழைத்துப் போக வரும்போது என்னிடம் புலம்புவார்: "நானே வேலை முடிஞ்சா லிஃப்டை மறந்துடுவேன் தம்பி. இவ வீட்டுல அடுப்புத் திருகைக்கூட விட்டு வைக்கறதில்ல. இது ஏன் இந்தப் பக்கம் இருக்குன்னு ஆராய்ச்சி பண்றா. அதுக்குள்ள சாப்பாடு ஆறி அவலாப் போயிடுது." அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வீட்டுக்காரர் வந்த வண்டியின் ஹாரன் எந்த விரலுக்கு எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிரிவு ஒன்றுக்கு இந்த ஆண்டு திரை செய்தோம். அங்கே எல்லாம் எடையில் தொடங்குகிறது. வந்தவர் உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்பது அதை வைத்துத்தான் கணக்கு. எடையைக் கூட்டிப் பதிந்துவிட்டால் இயந்திரம் அளவுக்கு மீறி நீரை இழுத்துவிடும். கால் நரம்பு சுண்டி இழுக்கும், இரத்த அழுத்தம் இறங்கும், ஆள் மயங்கிப் போவார்.

நின்று நின்று கால் வீங்கிப்போகும் நர்ஸுகளுக்காக அக்கா ஒரு சலுகை செய்திருந்தார். எடைக் கட்டத்தைத் திறந்ததுமே சென்ற முறை பார்த்த எடை அங்கே தயாராக இருக்கும். கூட்டல் கழித்தலைத் தட்டிக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, 'சரி' என்று அழுத்தினால் முடிந்தது. மேலாளர் துள்ளிக் குதிக்காத குறை. லேசில் சிரிக்காத தலைமை நர்ஸ் கூடச் சிரித்துவிட்டார். அந்தக் கூட்டல் கழித்தலை வழுக்காமல் ஓடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒத்திகை வாரத்தில் நர்ஸுகள் காகிதத்திலும் எழுதினார்கள், திரையிலும் பதிந்தார்கள். சிகிச்சை காகிதத்தை நம்பித்தான் நடந்தது. அக்கா வார்டு மூலையில் போய் நின்றுகொண்டு விரல்களைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, எடைக் கட்டத்துல நிக்குற பழைய நம்பரை எடுத்துடு. காலியா விடு."

"அக்கா, திங்கக்கிழமை காகிதத்தை நிறுத்தப் போறாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், என்னை விட்டுடுங்க. நீங்க கேட்டுத்தானே செஞ்சேன்? எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க!"

"சொல்லட்டும். எடை மெஷின்ல ஒண்ணு காட்டுது, திரையில போன தடவை நம்பர் நிக்குது. அந்தப் பொண்ணு சரின்னு தட்டிட்டுப் போயிட்டா. காகிதம் இருந்ததால தப்பிச்சோம். திங்கக்கிழமை என்ன பண்றது?"

மேலாளர் தலையில் கை வைத்தார். தலைமை நர்ஸ் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், சிரிப்பெல்லாம் போய்விட்டது. "எங்க பொண்ணுங்களுக்குக் கவனம் போதாதுன்னு சொல்ல வர்றீங்களா? காலிக் கட்டம்னா ஒவ்வொரு தடவையும் எழுதணும். வாசல்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. எங்களுக்கு எங்க நேரம்?"

அக்கா வாதாடவில்லை. சோதனைக்கு வைத்திருந்த எடை மெஷினை நடுவில் இழுத்துப் போட்டு மேலாளரை ஏறச் சொன்னார். எக்கினால் எடை குறையும் என்ற நம்பிக்கையில் மனிதர் தொப்பையை எக்கிக்கொண்டு ஏறினார். கை கழுவி வந்த தலைமை நர்ஸிடம் டேப்லட்டைக் கொடுத்து, "சார் எடையைப் பதிஞ்சுடுங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் குனிந்ததுமே அக்கா ஆரம்பித்தார்: "ஜன்னல் பக்கத்து பெட்ல ஊசி போட்டாச்சா? கையுறை தீர்ந்துபோச்சாமே, யார்கிட்ட சொல்லணும்? அந்தப் பெரியவரோட மகன் உங்களைப் பார்க்கணுமாம்."

"இருங்க, வர்றேன்" என்றபடியே நர்ஸ் 'சரி'யைத் தட்டினார். அக்கா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மாதிரிக்காக வைத்திருந்த ஒரு சிறுமியின் எடையில் எங்கள் மேலாளர் பதிவாகியிருந்தார். சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது.

"நான் பார்த்தேனே... சத்தியமாப் பார்த்தேன்" என்றார் நர்ஸ்.

"பார்த்தீங்க சிஸ்டர். கட்டத்துல நம்பர் இருந்தா வேலை முடிஞ்சுதுன்னுதான் மனசு நினைக்கும். நானா இருந்தாலும் தட்டியிருப்பேன். உங்க பொண்ணுங்க மேல தப்பே இல்ல. உதவி பண்றேன்னு நினைச்சு உங்க கண்ணைக் கட்டிவிட்டது நான்தான்."

ஊரே மெச்சிய ஒன்றை, ஒருவரும் குறை சொல்லாதபோது, தானே தூக்கிக் குப்பையில் போடுகிறார் இந்த மனுஷி. நானாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். அந்த இடத்திலேயே எழுந்து ஒரு கும்பிடு போடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் "என்ன தம்பி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கே, நாளைக்கும் வந்துடு" என்று என் சனிக்கிழமையில் மண்ணைப் போட்டார்.

முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினேன். இப்போது கட்டம் காலியாகத் திறக்கும். எண்கள் பெரிதாகப் பெருவிரலுக்கு அடியிலேயே வரும். தசமப் புள்ளி தானாகவே விழும். புதிய எடையைத் தட்டி முடித்த பிறகுதான் பழைய எடை பக்கத்தில் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் 'சரி' வேலை செய்யாது. மீண்டும் எடை பார்க்கச் சொல்லும். தலைமை நர்ஸ் ஈரக்கையால் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, "நேரமும் ஒண்ணும் கூடல" என்று ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வார்டில் காகிதம் இல்லை. வாசலில் கை கழுவிவிட்டு நானும் அக்காவும் சுவரோரம் நின்றோம். நான் துடைத்துக்கொண்டேன், அவர் வழக்கம்போலத் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறவிட்ட அதே இளம் நர்ஸ்தான் அன்றும். முதலில் வந்தவர் தொளதொளவென்று கோட்டு போட்ட ஒரு பெரியவர். எடையில் ஏறினார், நர்ஸ் எண்களைத் தட்டினாள். பின்னாலிருந்து யாரோ கூப்பிட, "இதோ வந்துட்டேன்" என்று திரும்பிக்கொண்டே 'சரி'யை அழுத்தினாள். திரை நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். நகரவில்லை. நின்றாள். திரையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், கடைசியில் பெரியவரைப் பார்த்தாள்.

"ஐயா, கோட்டோடவா ஏறினீங்க? பாக்கெட்ல என்ன?"

ஒரு ரேடியோ வந்தது. பிறகு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கொத்துச் சாவி. "ரேடியோ இல்லாம அவ்வளவு நேரம் எப்படிம்மா படுத்துக்கிடக்கிறது?" என்றார் அவர். அந்த ரேடியோவின் எடையையும் நீர் என்று நினைத்து இயந்திரம் அவர் உடம்பிலிருந்து உறிஞ்சியிருக்கும்.

கோட்டைக் கழற்றி மறுபடியும் ஏறினார். நர்ஸ் தட்டினாள், திரை நகர்ந்தது, அவள் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டாள். எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். பைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்தார். அவரிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் துடைத்துக்கொண்டார், பெருவிரலைக் கடைசியாக.