சுருதி மாற்றும் பித்தான்

பொழியூரில் எங்கள் தேவாலயத்தில் நான் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். இசையை மட்டும் யாரிடமும் படிக்கவில்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டு, வெள்ளைக் கட்டைகளில் விரலால் தேடிப் பிடித்தது.

கோயிலுக்கு வெள்ளைக் கட்டைகளே போதுமாக இருந்தன. கீபோர்டின் இடது மேல்மூலையில் சுருதி மாற்றும் பித்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டு, விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம். சத்தம் மட்டும் ஏறியோ இறங்கியோ வரும். எங்கள் பாடற்குழுவை நடத்தும் அக்கா வாரம் முழுக்கச் சந்தையில் மீன் விற்பவர். சனிக்கிழமை எவ்வளவு கத்தினாரோ அதைப் பொறுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சுருதி.

"எலே மக்கா, தொண்டை அடைச்சுப் போச்சு. நேத்து அயிலைக்குக் கத்தினதாக்கும். ரெண்டு தாழ்த்து."

"போன வாரம் மூணு தாழ்த்தினேனே அக்கா."

"போன வாரம் சாளை. சாளைக்கு இதைவிடக் கத்தணும்லா."

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரிக் குழு பியானோ வாசிக்க ஆள் தேடியது. ஊர் ஊராக மேடை, அதுவே முழுநேர வேலை. இரவும் பகலும் எனக்கு அதே நினைப்பு. தேர்வுக்குப் போனேன். தயாரித்துக்கொண்டு போன பாட்டை நன்றாகவே வாசித்தேன். குழுத் தலைவர் தலையசைத்துவிட்டு ஒரு பாடகியை அழைத்தார். "இவங்களுக்கு இது தாழ்வு. அரைச் சுருதி ஏத்தி வாசி" என்று மலையாளத்தில் சொன்னார்.

என் இடது கை தானாக மேலே போய், பளபளப்பான மரத்தில் முட்டி நின்றது. பியானோவில் ஏது பித்தான்?

"எந்தா தேடுந்நது?" என்றார், என்ன தேடுகிறாய் என்று.

"ஒண்ணுமில்ல சார்."

அரைச் சுருதி ஏற்றினால் விரல் வைக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் கறுப்புக் கட்டை. நாலாவது வரியில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டார். தலைவர் கோபப்படவில்லை. பன்னிரண்டு சுருதியிலும் கையால் வாசிக்கப் படித்துவிட்டு ஆறு மாதத்தில் வா, அதுவரை வேறொருவரை வைத்துச் சமாளிக்கிறேன் என்றார்.

வீட்டில் கீபோர்டு இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பித்தானைத் தொடாமல் பூசையிலேயே வாசித்துப் பார்த்தேன். நற்கருணைப் பாட்டின் இரண்டாம் வரியிலேயே விரல் தடுமாறியது. பெண்கள் ஒரு சுருதியில், ஆண்கள் வேறொன்றில். பூசை முடிந்ததும் அக்கா வந்து நின்றார். "படிக்கணும்னா தனியா இருந்து படி. பூசையிலயாக்கும் படிப்பு?"

பங்குத்தந்தையான அச்சனிடம் கேட்டு, கோயில் கீபோர்டில் பழக மாலையில் ஒரு மணி நேரம் வாங்கினேன். அந்த நேரத்தில்தான் செபமாலைக்கு வரும் பெண்கள் முன்வரிசையில் உட்காருவார்கள்.

"சும்மாத்தானே தட்டிட்டு இருக்க, நம்ம மாதா பாட்டை எடு மக்கா."

ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். "காதை அடைச்சிட்டான். பெரிய ஆளு, நம்ம கூப்பிட்டாக் கேக்குமா?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கழற்றிவிட்டு மாதா பாட்டை வாசித்தேன், அவர்கள் சுருதியில், பித்தானை அமுக்கி. அநேகமாக எல்லா நாளும் அப்படித்தான் போயிற்று.

ஆறு மாதத்தில் கூடுதலாக இரண்டு சுருதிகள் கைக்கு வந்தன. தலைவருக்குப் போன் செய்து, வரவில்லை என்று மட்டும் சொன்னேன். ஏன் போகவில்லை என்று அக்கா கேட்டபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கோயிலை விட்டுட்டுப் போக மனசில்லக்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து யாரும் கலையும் முன் அக்கா மைக்கை எடுத்துவிட்டார். நம்ம பையன் நகரத்து வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், மாதாவுக்காக என்றார். முதலில் கைதட்டியது அச்சன். எப்போதும் வாசலருகே நிற்கும் அப்பா நடுக்கூடம் வரைக்கும் வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து கைகூப்பினேன்.

ஆறு மாதம் போதாது, ஒரு வருடம் வேண்டும் என்று அன்று போனிலேயே தலைவரிடம் கேட்டிருக்கலாம். இப்போது வேறொரு குழு ஆள் தேடுவதாகக் கேள்வி. விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால், அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவது என்றுதான் தெரியவில்லை.